நாற்காலி வேலைக்கு என்ன ஆபத்து

2016, பிப்ரவரி 11

அண்ணா,

போனில் பேசினால் நீ பாதியில் வெட்டிவிடுகிறாய். "இங்க டவர் கெடைக்கல, அப்புறம் பேசறேன்" என்கிறாய். மின்சாரக் கோபுரத்தின் உச்சியில் நின்று கம்பி இழுக்கிறவனுக்கு டவர் கிடைக்கவில்லையாம்! கடிதத்தை வெட்ட முடியாது. முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்.

முதலில் நல்ல சேதி. பட்டறையில் என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். இனி நான் யாருக்கும் உதவியாளர் இல்லை, பிளாஸ்டர் அறை முழுக்க என் பொறுப்பு. உன் கூட்டாளிகளிடம் "என் தங்கச்சி பொம்மை செய்யற எடத்துல இருக்கா" என்று சொல்லியிருக்கிறாயாம். பொம்மை இல்லை, கால். முழங்காலுக்குக் கீழே இழந்தவர்களுக்கு, மிஞ்சிய காலின்மேல் ஈரப் பிளாஸ்டர் துணியைச் சுற்றி, செயற்கைக் காலுக்கு அச்சு எடுக்கிறேன். அது இறுகும்வரை முழங்கால் சில்லுக்குக் கீழே என் இரண்டு பெருவிரல்களையும் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அந்த இரண்டு பள்ளத்தின்மேல்தான் அந்த ஆளின் முழு எடையும் பிற்பாடு நிற்கும். விரல் தளர்ந்தால் கால் பொருந்தாது. இதை அவர்களிடம் சொல்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை போனில் போட்ட சண்டைக்கு வருகிறேன். நான் உன்னைச் சாகச் சொல்லி இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லவில்லை. செத்தால் பணம் வருகிற பாலிசி ஒன்று உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது, தெரியும். சாகாமல் கிடந்தால்? வேலை செய்ய முடியாமல் போனால் மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பங்கைத் தருகிற பாலிசி தனியாக உண்டு. அதைத்தான் சொன்னேன்.

நேற்று ஒருவன் வந்தான். இருபத்து நான்கு வயது. சாரத்திலிருந்து விழுந்தவன். நான் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டிருக்கும்போது அவன் அம்மா என் காதருகில் வந்து, "இவன் இனிமே எத்தன வருஷம்மா இருப்பான்?" என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. மகன் சாகப்போகிறானோ என்ற பயத்தில் அவர் கேட்கவில்லை. இன்னும் நாற்பது வருஷம் இருப்பானே, அதற்கு என்ன செய்வது என்று கேட்டார்.

அதற்கப்புறம் எனக்கு உன் ஞாபகம்தான். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, நாம் இரண்டு பேர்தான். பதில் எழுது.

உன் தங்கை

2016, பிப்ரவரி 24

அடி சுண்டெலி,

நிரந்தரமாகிவிட்டாயா! இங்கே முகாமில் எல்லாருக்கும் என் செலவில் டீ வாங்கிக் கொடுத்தேன். பொம்மை இல்லை, கால் என்று உன் கட்டளைப்படி ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டேன். கம்பியை இழுத்து ஏற்றுகிற வின்ச் எந்திரத்தை ஓட்டுகிறவர், "அப்ப எனக்கு ஒரு ஜோடி சொல்லி வை, இருக்கறது ரெண்டும் தேஞ்சு போச்சு" என்றார்.

மீதிக்கு வருகிறேன். நீ நாள் முழுக்க உடைந்தவர்களையே பார்க்கிறாய். அதனால் உலகத்தில் எல்லாரும் உடைவார்கள் என்று உனக்குத் தோன்றுகிறது. நான் நாள் முழுக்க ஏறி இறங்குகிறவர்களைப் பார்க்கிறேன். அத்தனை பேரும் சாயங்காலம் இரண்டு காலோடுதான் சாப்பிட உட்காருகிறார்கள்.

அப்புறம், எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, உனக்குத் தெரியாது. எங்கள் செட்டில் யாராவது விழுந்தால் மற்ற எல்லாரும் மாதம் ஒரு நாள் சம்பளத்தை அவன் வீட்டுக்குக் கொடுத்துவிடுவோம். யாரும் சொல்லிச் செய்வதில்லை. போன வருஷம், கம்பிக்குக் கொக்கி மாட்டுகிற எங்கள் கொக்கிக்காரர் விழுந்தபோது நானே கொடுத்தேன். எந்தக் கம்பெனி அப்படிக் கொடுக்கும்? எங்களுக்கு நாங்களே இன்சூரன்ஸ்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. விழுவதைப் பற்றி எங்கள் ஆட்கள் வாய் திறப்பதில்லை. அந்த வார்த்தையை மேலே எடுத்துக்கொண்டு போகக்கூடாது. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் காலை ஏறினால் கால் நடுங்கும் எனக்கு. நடுங்கினால்தான் விழுவேன். போதுமா?

உன் அண்ணன்

2016, மார்ச் 6

அண்ணா,

கொக்கிக்காரருக்கு எத்தனை மாதம் கொடுத்தீர்கள்?

நான் விசாரித்துவிட்டேன். அவர் மனைவி வாரம் ஒருமுறை அவரை எங்கள் பட்டறைக்குப் பக்கத்திலிருக்கும் மருத்துவமனைக்குக் கூட்டிவருகிறார். மூன்று மாதம் பணம் வந்தது என்றார். நாலாவது மாதம் பாதிப் பேர் வேறு லைனுக்கு மாறிவிட்டார்கள். மீதிப் பேருக்கு அவரவர் கஷ்டம். "அவங்க மேல குத்தம் சொல்ல மாட்டேன்மா, அவங்களும் எவ்வளவு நாளைக்குத்தான்" என்றார் அந்த அம்மா. நானும் குற்றம் சொல்லவில்லை. நீங்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் கொக்கிக்காரருக்கு முப்பத்தொன்றுதான் ஆகிறது.

கால் நடுங்கும் என்கிறாய். நடுங்கட்டும். ஒரு நாள் நடுங்கும், இரண்டு நாள் நடுங்கும், அப்புறம் மறந்துவிடுவாய். எதைத்தான் நீ மறக்காமல் இருந்திருக்கிறாய்?

முகவரிடம் பேசிவிட்டேன். உன் வேலை ஆபத்தானது என்பதால் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறார்கள். இப்போது உனக்கு இருபத்தெட்டு வயது, உடம்பில் ஒரு குறையும் இல்லை, அதனால் எடுக்கிறோம் என்றார்கள். நாளைக்கே சர்க்கரையோ முதுகுவலியோ வந்தால் பேச்சே கிடையாதாம். முதல் வருஷத்துக்கு நான் கட்டிவிட்டேன். சம்பளம் ஏறியிருக்கிறதே, என்ன செய்யப்போகிறேன் அதை வைத்து? நீ செய்ய வேண்டியதெல்லாம் டாக்டரிடம் போய் நின்று, கையெழுத்துப் போடுவது மட்டும்.

போடாவிட்டால் நான் உன்னோடு பேச மாட்டேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தங்கை

2016, மார்ச் 29

சுண்டெலி,

போட்டுவிட்டேன். சந்தோஷமா?

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து, "நல்லா இழுத்து விடுங்க" என்றார். "எவ்வளவு உயரத்துக்கு ஏறுவீங்க?" என்று கேட்டார். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மறுநாள் ஏறும்போது நீ சொன்னதுபோலவே நடுங்கியது. மூன்றாம் நாள் மறந்துவிட்டேன்.

பணம் கட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து நானே கட்டுவேன். உன் சம்பளத்தில் உனக்கு நல்லதாக ஒரு கட்டில் வாங்கிக்கொள், அந்த மடக்குக் கட்டிலில் எத்தனை வருஷம் படுப்பாய்? நீ கொடுத்துவைத்தவள். நிழலில், நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. உனக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது.

அண்ணன்

2018, ஜூன் 17

சுண்டெலி,

இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. போனை எடுத்தால் "நல்லா இருக்கேன், வேலையா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். முன்பெல்லாம் நான்தான் வெட்டுவேன். இப்போது நீ வெட்டுகிறாய்.

ஏப்ரலில் வந்த உன் கடிதத்தை நேற்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். அம்மா அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்த கையெழுத்து உனக்கு. அந்தக் கடிதத்தில் எழுத்து எல்லாம் பெரிது பெரிதாக, வரியை விட்டு இறங்கி நடக்கிறது. அவசரத்தில் எழுதினாயா? காய்ச்சலா? யாராவது பையன் விவகாரம் என்றால் அதையும் சொல்லிவிடு, நான் கடிக்க மாட்டேன்.

இங்கே ஆற்றின் குறுக்கே லைன் போகிறது. இந்த வருஷத்திலேயே உயரமான கோபுரம் இதுதான். காலையில் மேலே போனால் பனி கீழே இருக்கிறது, நாங்கள் வெயிலில் நிற்கிறோம். உனக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பதில் போடு.

அண்ணன்

2018, ஜூலை 2

அண்ணா,

ஏப்ரல் கடிதம் பஸ்ஸில் எழுதியது. அதான் கோணல். பையனும் இல்லை, காய்ச்சலும் இல்லை. வேலை அதிகம். நீ பத்திரமாக ஏறு. பெரிய கடிதம் அப்புறம் எழுதுகிறேன்.

தங்கை

2018, ஜூலை 19

சுண்டெலி,

ஏப்ரல் கடிதம் பஸ்ஸில் எழுதியது, சரி. இந்தக் கடிதத்தில் பேனாவை விட்டுப் பென்சில் ஏன்?

பட்டறைக்குப் போன் செய்தேன். உன் மேற்பார்வையாளர் எடுத்தார். பிளாஸ்டர் அறையைக் கூப்பிடுங்கள் என்றேன். "அவங்க இப்ப அங்க இல்லீங்களே, முன்னாடி பதிவு மேசையில உக்காருறாங்க. ஒங்ககிட்ட சொல்லலையா?" என்றார். அப்புறம் எதையோ சொல்ல வந்து, "அவங்களே சொல்லுவாங்க" என்று நிறுத்திவிட்டார்.

என்ன ஆயிற்று? யாராவது உன்மேல் பழி போட்டார்களா? நீ ஏதாவது சண்டை போட்டாயா? ஆற்று லைன் முடியும்வரை எனக்கு லீவு கிடையாது. ஆனால் நீ எழுதாவிட்டால் லீவாவது ஒன்றாவது, அப்படியே கிளம்பி வந்துவிடுவேன்.

அண்ணன்

2018, ஆகஸ்ட் 5

அண்ணா,

வராதே. எழுதுகிறேன். பென்சிலைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டால் பிடிக்க முடிகிறது. காலையில் முடியாது, மத்தியானத்துக்குமேல் விரல்கள் கொஞ்சம் இளகும். அதனால் இதைப் பல நாளாக எழுதுகிறேன். இடையில் எழுத்து மாறினால் அதுதான் காரணம்.

போன குளிர்காலத்தில் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் இரண்டு மணிக்கட்டும் பூட்டிக்கொண்டதுபோல் இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் பிளாஸ்டர் நனைக்கிறோமே, அதனால்தான் என்று நினைத்தேன். வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வேலைக்குப் போவேன். அப்புறம் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. தண்ணீர்க் குழாயை முழங்கையால் திருப்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. என்னை எந்த வேலைக்காக நிரந்தரமாக்கினார்களோ அது போய்விடுமே என்று பயம்.

மார்ச்சில் ஒரு பெரியவருக்கு அச்சு எடுத்தேன். பெருவிரலை அழுத்திப் பிடித்திருந்தேன். பிடித்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். வலியில் விரல் தானாகத் தளர்ந்தது எனக்கே தெரியவில்லை. பள்ளம் ஆழமில்லாமல் விழுந்திருக்கிறது. அதை வைத்துச் செய்த காலை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். அடுத்த முறை வந்தபோது எலும்பு நுனியில் புண். தோல் போய் சிவந்து கிடக்கிறது. "நடக்கப் பழகினா சரியாயிடும்னு நெனச்சேன்மா, ஒன்ன வந்து தொந்தரவு பண்ண வேண்டாமேன்னு இருந்தேன்" என்றார். நான் வெளியே போய் அழுதுவிட்டு, மேற்பார்வையாளரிடம் போய்க் கையை நீட்டிக் காட்டினேன்.

முடக்குவாதம் என்கிறார் டாக்டர். கிழவர்களுக்கு வருகிற மூட்டுத் தேய்மானம் இது இல்லையாம். என் உடம்பே என் மூட்டுகளை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறதாம். எந்த வயதிலும் வரும், என் வயதுப் பெண்களுக்கு நிறைய வருகிறது என்றார். மாத்திரை வேலை செய்கிறது, வீக்கம் குறைந்திருக்கிறது. ஆனால் பிளாஸ்டர் அறைக்கு இனிப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். விரலை அழுத்தி வைக்கிற எந்த வேலையும் கூடாது.

மேசை வேலைக்குப் பாதிச் சம்பளம். அதையும் அவர்கள் இரக்கப்பட்டுக் கொடுக்கிறார்கள். வருகிறவர்களின் பெயரையும் வயதையும் கேட்டு, தட்டச்சு செய்ய இரண்டு விரல் போதும்.

நீ கேட்கப்போவது தெரியும். நானே சொல்லிவிடுகிறேன். நான் எடுக்கவில்லை. என்னை நிரந்தரமாக்கிய அன்றைக்கே பட்டறையில் கேட்டார்கள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு உடம்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் அதே மாதிரிக் காப்பீடு கொடுப்பார்களாம், சம்பளத்தில் சிறு பிடித்தம் மட்டும். நான் வேண்டாம் என்றேன்.

உனக்கு முதல் வருஷம் கட்டியதால் எனக்கு இல்லாமல் போயிற்று என்று நினைத்து அழாதே. இரண்டும் கட்டியிருக்க முடியும், கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருந்தால். தியாகம் ஒன்றும் செய்யவில்லை நான், முட்டாள்தனம் செய்தேன். ஆபத்து என்றால் எனக்கு உயரம்தான் ஞாபகத்துக்கு வந்தது. உயரத்தில் நிற்பது நீ. நாற்காலி வேலைக்கு என்ன ஆபத்து?

சாரத்திலிருந்து விழுந்த பையனைப் பற்றி உனக்கு எழுதினேனே, அந்த வாரம் நான் அச்சு எடுத்தவர்களில் பாதிப் பேர் எங்கிருந்தும் விழாதவர்கள். சர்க்கரை, ரத்தக்குழாய் அடைப்பு, கிருமி. ஒருத்தி பள்ளிக்கூட ஆசிரியை, என்னைவிட ஒரு வயது சின்னவள். அத்தனை பேரின் காலையும் என் கையால் தொட்டுச் சுற்றினேன். அவர்களை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை, அண்ணா. விழுந்தவனை மட்டும் உனக்கு எழுதினேன்.

டாக்டர் சொன்ன பிறகு ஒரு நாள் காப்பீட்டு அலுவலகத்துக்கும் போனேன். மேசைக்குப் பின்னாலிருந்த அம்மா நல்லவர். என் கையைப் பார்த்துவிட்டுப் படிவத்தை எடுக்கவே இல்லை. "ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா ஒரு கையெழுத்தோட முடிஞ்சிருக்கும்மா" என்றார். தண்ணீர் கொடுத்தார். மூடியைத் திறந்து கொடுத்தார்.

நான் சமாளித்துக்கொள்வேன். பதினேழு வயதிலிருந்து யார் கையையும் எதிர்பார்த்து நின்றதில்லை, இனியும் நிற்க மாட்டேன். நீ உன் வேலையைப் பார்.

தங்கை

2018, ஆகஸ்ட் 20

சுண்டெலி,

உன் கடிதத்தைப் பாதி மேலே படித்தேன். அப்படிச் செய்யக்கூடாது. எனக்குக் கீழே நின்றவர், "எறங்கு, எறங்கு, ஒன் மூஞ்சி சரியில்ல" என்று இறக்கிவிட்டார்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் வேலையில் யாரும் தன் பெல்ட்டைத் தானே சரிபார்ப்பது கிடையாது. ஏறுவதற்கு முன் அடுத்தவன் வந்து இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, "கட்டியாச்சு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு அவன் பெல்ட்டை நான் இழுத்துப் பார்த்து, நான் சொல்ல வேண்டும். எவ்வளவு பழைய ஆளாக இருந்தாலும் இதுதான். பதினோரு வருஷமாக ஒரு நாள் தவறாமல் இதைச் செய்கிறேன். நீ என் பெல்ட்டை இழுத்துப் பார்த்தாய். நான் போடமாட்டேன் என்று அடம்பிடித்தும் விடாமல் கட்டிவிட்டாய். உன்னுடையதை நான் பார்த்தேனா? "ஒனக்கு எடுத்தியாடி?" என்று ஒரே ஒரு வார்த்தை. கேட்கவில்லை. கொடுத்துவைத்தவள், நாற்காலி வேலை என்று பெரிய மனுஷன்போல் எழுதினேன். அந்த வரி ஞாபகம் வரும்போதெல்லாம் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

எனக்குக் கோபமாகவும் இருக்கிறது. ஆறு மாதம் முழங்கையால் குழாயைத் திருப்பிக்கொண்டு என்னிடம் "நல்லா இருக்கேன்" என்றாயே, நான் யார் உனக்கு? வழிப்போக்கனா?

ஒரு முடிவு எடுத்துவிட்டேன், சண்டை பிடிக்காதே. என் பாலிசியை நிறுத்தச் சொல்லி எழுதிப் போட்டுவிட்டேன். அந்தப் பணம் இனி உன் மருந்துக்கு. நீயும் நானுமாக இரண்டரை வருஷம் கட்டியாயிற்று, எனக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. தேவைப்பட்டவளுக்கு இல்லை, தேவைப்படாதவனுக்கு இருக்கிறது, அதை வைத்து நான் என்ன செய்ய?

அண்ணன்

2018, ஆகஸ்ட் 28

அண்ணா,

முட்டாளே. முட்டாளே. கை வலித்தாலும் பரவாயில்லை என்று இன்னொரு தடவையும் எழுதுகிறேன், முட்டாளே.

இரண்டு வருஷம் முன்னால் நீ விழுந்திருந்தால் நீ மட்டும்தான் விழுந்திருப்பாய். நான் பிளாஸ்டர் அறையில் சம்பாதித்துக்கொண்டிருந்தேன், உன்னை வைத்துக் காப்பாற்றியிருப்பேன். இன்றைக்கு நீ விழுந்தால்? உன்னைத் தூக்கி நிறுத்த எனக்குக் கை இருக்கிறதா? ஒரு தம்ளரைப் பிடிக்க இரண்டு கை வேண்டியிருக்கிறது எனக்கு. இப்போதுதான் அது உனக்கு உண்மையிலேயே தேவை. இப்போது பார்த்து நிறுத்துவாயா?

கீறல் விழவில்லை என்கிறாய். எனக்கும்தான் இருபத்தாறு வயதுவரை கீறல் விழவில்லை. நாமிருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். என் ரத்தத்தில் இருப்பது உன் ரத்தத்தில் இல்லை என்று யார் உனக்கு எழுதிக்கொடுத்தது? நாளைக்கு உன் விரலும் காலையில் மடங்காவிட்டால் எந்தக் கம்பெனி உன்னை உள்ளே விடும்? நான் போய் நின்று பார்த்துவிட்டு வந்தவள். அந்த அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்தார், படிவம் கொடுக்கவில்லை.

உடனே போ. தபாலில் போடாதே, நேரில் போ. கெஞ்சு. காலில் விழு. மறுபடி உறுதியாகும்வரை ஒரு படிகூட ஏறாதே.

யார் கையையும் எதிர்பார்த்து நிற்க மாட்டேன் என்று முன்பு எழுதினேன். இப்போது அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இதை மட்டும் செய்.

தங்கை

2018, அக்டோபர் 3

சுண்டெலி,

உன் கடிதம் கிடைத்த அன்றே போனேன். என் கடிதம் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, பாலிசியை நிறுத்தியும் விட்டார்கள். அங்கிருந்தவரிடம், "சார், தங்கச்சி திட்டறா, திரும்பக் குடுத்துடுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நின்றுபோனது நின்றதுதான், புதிதாக விண்ணப்பம் போடுங்கள் என்றார். மறுபடி டாக்டர், மறுபடி ரத்தப் பரிசோதனை. வயது முப்பது ஆனதால் தொகையும் ஏறியது. குடும்பத்தில் யாருக்காவது வியாதி உண்டா என்று இந்தத் தடவை கேட்டார்கள். உன்னைப் பற்றி உள்ளபடி சொன்னேன். அங்கிருந்தவர் அதைத் தனியாகக் குறித்து அடிக்கோடு போட்டார். பொய் சொல்லியிருக்கலாமோ என்று அப்போது தோன்றியது. சொல்லவில்லை.

பதில் வரும்வரை ஏறவில்லை. ஆற்று லைனின் கடைசிக் கோபுரம், எல்லாரும் மேலே நிற்கிறார்கள், நான் கீழே கயிறு பிடித்துக்கொண்டிருந்தேன். என் உயரத்தைச் சொல்லி ஆளாளுக்குக் கேலி. "நெட்டைக்குத் தலை சுத்துதாம்" என்றார்கள். ஒரு சாப்பாட்டு வேளையில் காரணத்தைச் சொன்னேன். விழுவதைப் பற்றிப் பேசாதவர்கள் என்று எழுதினேனே, நான் பேசியது விழாதவளைப் பற்றி. வின்ச் ஓட்டுகிறவர் மட்டும் எழுந்துபோய்த் தட்டைக் கழுவிவிட்டு வந்து, "என் பையன் லேத்துல சேர்ந்திருக்கான், அவனுக்கு இருபத்தொண்ணு. அந்த இன்சூரன்ஸ் ஆபீஸ் எங்க இருக்கு?" என்று கேட்டார். மற்றவர்கள் பேச்சை மாற்றிவிட்டார்கள்.

நேற்று பதில் வந்தது. எடுத்துக்கொள்கிறார்களாம். கையெழுத்துப் போட்டால் நாளையிலிருந்து செல்லும். போட உட்கார்ந்தேன். அப்போதுதான் ஒரு கேள்வியைப் பார்த்தேன். உங்கள் வருமானத்தை நம்பி வாழ்பவர்கள் யார் என்று ஓர் இடம் விட்டிருக்கிறார்கள்.

நான் பேனாவை எடுத்துவிட்டு, வைத்துவிட்டேன். எழுத வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். நீயும் அறிவாய். ஆனால் அம்மா இறந்த அதே வாரத்தில் வேலைக்குக் கிளம்பிப் போனவள் நீ. என்னிடம் ஒரு செருப்புக்குக்கூடக் காசு கேட்டதில்லை. உன்னைக் கேட்காமல் உன்னை அங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. அலுவலகத்தில் இருந்தவரிடம், "வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எழுதட்டுமா?

அண்ணன்

2018, அக்டோபர் 11

அண்ணா,

இதற்கு மூன்று பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். முதலாவதில் வேண்டாம் என்று எழுதினேன். இரண்டாவதில் உன்னைத் திட்டினேன். மூன்றாவதில் என்ன எழுதினேன் என்று சொல்ல மாட்டேன்.

எனக்கு அவமானமாகத்தான் இருக்கிறது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? பட்டறை மேசையில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு இருபது பேரிடம் இதே கேள்வியைக் கேட்கிறேன், "யாரோட பொறுப்புல இருக்கீங்க?" என்று. மகன் என்பார்கள், தம்பி என்பார்கள், அப்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். நானும் கணினியில் எதையோ தட்டிக்கொண்டே கேட்பேன். இனிமேல் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும்.

எழுது. தங்கை என்று எழுது. பக்கத்தில் வயதுக்கு ஒரு கட்டம் இருக்கும். அதைப் படித்துவிட்டு அந்த ஆள் தலையைத் தூக்கி உன்னைப் பார்ப்பார். பார்க்கட்டும். இருபத்தேழு என்று எழுது.

உன் தங்கை